சீக்ஃப்ரீட் என்ற பெயரும் அதன் பொருள்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிபெலுங்கர் கதை என்னும் ஜெர்மானியப் பழங்கதையை நண்பர்களுக்குச் சொல்லும்போதெல்லாம், கதையின் திருப்பங்களைவிட நாயகனின் பெயரைப் பற்றியே ஐயங்கள் மிகுதியாக எழுகின்றன. ஒரு நூலில் சீக்ஃப்ரீட், இன்னொன்றில் சிகுர்த், மூன்றாவதில் சேஃப்ரிட் என்று காணும் எவருக்கும் குழப்பம் ஏற்படுவது இயல்பே. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. முதலில், இந்த சீக்ஃப்ரீட் யார்? உண்மையில் வாழ்ந்தவரா?

டிராகனைக் கொன்று பெரும் புதையலை அடைந்து, பின்னர் மனைவியின் உறவினர்களால் வஞ்சகமாகக் கொல்லப்பட்ட வீரனாக ஜெர்மானிய மக்களின் பழங்கதைகள் இவனைச் சித்திரிக்கின்றன. கதை இரண்டு பெரும் மரபுகளாக நமக்குக் கிடைத்திருக்கிறது. ஒன்று, ஏறத்தாழ 1200இல் பெயர் தெரியாத புலவர் ஒருவர் இயற்றிய நிபெலுங்கர் காவியம். அதில் இவன் ரைன் ஆற்றங்கரையிலுள்ள சாண்டன் நகரத்து இளவரசன். மற்றொன்று ஐஸ்லாந்தில் 13ஆம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்ட ‘எட்டா’ பாடல்களும் வோல்சுங்கர் சாகாவும் (சாகா என்பது உரைநடைப் பழங்கதை) சொல்லும் வடபுலக் கதை. அங்கே இவன் பெயர் சிகுர்த்.

இவன் வரலாற்று மனிதன் என்பதற்கு நேரடிச் சான்று எதுவும் இல்லை. அவனைச் சுற்றியுள்ள சிலரைப் பற்றி அப்படிச் சொல்லிவிட முடியாது. அவன் மைத்துனன் குந்தருக்குப் பின்னால், ரைன் கரையில் ஆண்டு 430களில் அழிந்துபோன, பர்கண்டியர் என்ற ஜெர்மானியக் குலத்தின் அரசன் குந்தஹர் நிற்கிறான். நாயகனை யாரோடு பொருத்துவது என்ற விவாதம் பெரும்பாலும் பெயரை வைத்தே நடந்திருக்கிறது. அதைக் கேள்வி 11இல் காண்க.

2. பெயரை எப்படி உச்சரிப்பது? சீக்ஃபிரைடு என்கிறார்கள், சிக்ஃபிரெட் என்கிறார்கள்.

இன்றைய ஜெர்மன் உச்சரிப்பில் இரண்டு உயிர்களும் நெடில்: சீக்-ஃப்ரீட். முதல் எழுத்தை ஜெர்மானியர்கள் ஆங்கில ‘ஸீப்ரா’வின் முதல் ஒலியைப் போல் அதிர்வுடன் ஒலிப்பார்கள்; தமிழ் எழுத்தில் அதைச் சரியாகக் காட்ட வழியில்லை. இறுதி ஒலி எழுத்தில் ‘டி’யாக இருந்தாலும் வாயில் அழுத்தமான ‘ட்’ ஆகவே வரும். ‘ஃபிரைடு’ என்று இழுப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

3. ‘வெற்றியின் மூலம் அமைதி’ என்று பெயர் அகராதிகளில் பொருள் போட்டிருக்கிறதே, அது சரியா?

பாதி சரி. பெயரின் முன்பகுதிக்கு ‘வெற்றி’ என்று பொருள். பின்பகுதிக்கு ‘அமைதி, காப்பு’ என்று பொருள். இவ்விரண்டையும் ‘மூலம்’ என்ற உறவால் இணைத்து ஒரு வாக்கியமாக்குவதுதான் தவறு. பழைய ஜெர்மானியப் பெயர்களில் பெரும்பான்மையானவை இரண்டு சொற்களால் ஆனவை; ஆனால் அவ்விரண்டு சொற்களும் ஒரே கருத்தைச் சொல்லும் தொடராக அமைய வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இருந்ததில்லை. போர், புகழ், வெற்றி, ஓநாய், கரடி, ஈட்டி, காப்பு, அறிவுரை என்று மதிப்புக்குரிய சொற்களின் ஒரு கையிருப்பு இருந்தது. அதிலிருந்து ஒன்று முன்பக்கமும் ஒன்று பின்பக்கமும் எடுக்கப்பட்டன. பெரும்பாலும் பெற்றோரின் பெயர்களிலிருந்தே எடுக்கப்பட்டன. இதனால் ‘போர்’ என்று பொருள்படும் இரண்டு சொற்கள் சேர்ந்த பெயர்களும் உண்டு: ஹில்டெகுண்ட் என்ற பெண்பெயரில் ‘போர்’ என்பது இருமுறை வருகிறது. அதை வாக்கியமாக விரித்தால் என்ன கிடைக்கும்?

ஆகவே சீக்ஃப்ரீட் என்பதற்கு ‘வெற்றி, அமைதி’ என்று இரண்டு சொற்களைத் தனித்தனியே சொல்வதே நேர்மையான விடை. அகராதிகளில் காணும் அழகிய வாக்கியங்கள் பிற்காலத்தவை. அவை எவ்வாறு வந்தன என்பதைக் கேள்வி 13இல் பார்க்கலாம்.

4. டிராகனைக் கொல்லும் வீரனுக்கு ‘அமைதி’ என்ற பெயர் பொருந்தவே இல்லையே?

இன்று ‘அமைதி’ என்றவுடன் சண்டையற்ற சாந்த நிலையை நினைக்கிறோம். பழைய ஜெர்மானியச் சொல் அதைவிடக் கடினமானது. ஒரு குலத்துக்குள், ஓர் அரசனின் ஆட்சி எல்லைக்குள், ஒரு வீட்டின் வேலிக்குள் ஒருவர்மீது ஒருவர் ஆயுதம் எடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும், அதை மீறுபவரிடமிருந்து கிடைக்கும் பாதுகாப்பையும் அது குறித்தது. அந்த அமைதிக்கு வெளியே தள்ளப்பட்டவனை எவரும் கொல்லலாம். எனவே அது வாளேந்தியவர்கள் காத்த அமைதி.

கதையோடு சேர்த்துப் பார்த்தால் இப்பொருள் கூர்மையாகிறது. சீக்ஃப்ரீட் போர்க்களத்தில் சாகவில்லை. விருந்தினனாகவும் உறவினனாகவும் வேட்டைக்குச் சென்ற இடத்தில், ஊற்றில் நீர் குடிக்கக் குனிந்தபோது, குந்தரின் உறவினனும் படைத்துணைவனுமான ஹாகன் அவன் முதுகில் ஈட்டியைப் பாய்ச்சுகிறான். எந்த உறவுக் காப்பை அவன் பெயரின் பின்பகுதி சொல்கிறதோ, அதுவே மீறப்படுகிறது. காவியப் புலவர் இதை எண்ணி எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. மேலே சொன்னபடி பெயரின் உறுப்புகளை எவரும் அவ்வாறு பொருள் விரித்துப் பார்க்கவில்லை. படிப்பவருக்கு அந்தப் பொருத்தம் தென்படுவதைத் தடுக்கவும் முடியாது.

5. சிகுர்த் என்பது சீக்ஃப்ரீடின் ஸ்காண்டிநேவிய வடிவம்தானே?

கதை மாந்தர் ஒருவரே, பெயர்கள் இரண்டு. அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். இரண்டிலும் முன்பகுதி ஒன்று, ‘வெற்றி’. சிகுர்த்தின் பின்பகுதியோ ‘காவலன்’ என்று பொருள்படும் வேறொரு சொல். ஆங்கிலத்தில் ‘வார்டன்’, ‘வார்டு’ ஆகியவற்றில் காணப்படும் அதே வேர். தொல் வடிவம் சிகி-வர்துஸ் போன்றதாக இருந்து, நடுவிலிருந்த ஒலிகள் தேய்ந்து சிகுர்த் ஆயிற்று. சீக்ஃப்ரீடுக்கு நேரான வடபுல வடிவம் சிக்ஃப்ரோத். சிகுர்த்துக்கு நேரான ஜெர்மன் வடிவம் சீக்வார்ட். நான்கும் வழக்கில் இருந்த பெயர்களே.

இடைக்காலத்தவர்களுக்கு இந்த வேறுபாடு ஒரு தடையாக இருக்கவில்லை. ஜெர்மன் கதைகளைத் தழுவி 13ஆம் நூற்றாண்டில் நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய) மொழியில் எழுதப்பட்ட தித்ரெக் சாகா, இதே வீரனைப் பெரும்பாலும் சிகுர்த் என்றும் சில இடங்களில் சிக்ஃப்ரோத் என்றும் அழைக்கிறது. தெற்கே சீக்ஃப்ரீட் எனப்படுபவனே தம்முடைய சிகுர்த் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

6. அப்படியென்றால் எது மூலப் பெயர்?

அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ‘வெற்றி-காவலன்’ வடிவமே பழையது என்பவர்கள் இருக்கிறார்கள். இலத்தீன் வழி மொழியும் ஜெர்மானிய மொழியும் அருகருகே பேசப்பட்ட பிராங்கிய நாட்டில் அப்பெயர் உச்சரிப்பில் மழுங்கி, பின்னர் ‘சீக்ஃப்ரீட்’ என்று திருத்திக் கேட்கப்பட்டிருக்கலாம் என்பது அவர்கள் தரும் விளக்கம். பழைய ஆங்கிலத்தில் ‘ஃப்ரித்’ என்பதும் ‘ஃபெர்த்’ என்பதும் ஒரே பெயரில் மாறி மாறி வருவதையும் துணைச்சான்றாகக் காட்டுவார்கள்.

எதிர்த் தரப்பின் வாதம் எனக்குக் கூடுதல் வலுவுள்ளதாகத் தோன்றுகிறது. வைக்கிங் காலத்து ஸ்காண்டிநேவியத் தலைவர்களை அயல்நாட்டு ஆவணங்கள் எவ்வாறு குறித்தன என்று பார்த்தால், சீக்ஃப்ரீட் வகைப் பெயர்களே வருகின்றன. பிராங்கிய அரச ஆண்டுக்குறிப்புகளில் 782இல் ஒரு டேனிய அரசன் சிகிஃப்ரிட். 885-886இல் பாரிஸை முற்றுகையிட்ட தலைவர்களில் ஒருவன் சிக்ஃப்ரிட். சிகுர்த் வகை வடிவம் 11ஆம் நூற்றாண்டுக்கு முன் ஸ்காண்டிநேவியாவுக்கு வெளியே எழுதப்பட்ட ஆவணங்களில் இல்லை. வடபுலத்திலேயே பழைய பதிவுகளில் சிக்ஃப்ரோத் என்று இருந்தவர்கள் பிற்கால நூல்களில் சிகுர்த் ஆகிவிடுகிறார்கள். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், வடக்கிலும் ஒருகாலத்தில் ‘அமைதி’ வடிவமே வழங்கி, பின்னர் ‘காவலன்’ வடிவம் அதை விழுங்கியது என்று கொள்ள இடமுண்டு.

சுவீடனில் ராம்சுண்ட் என்னுமிடத்துப் பாறையில் ஏறத்தாழ 1030இல் செதுக்கப்பட்ட ஓவியத்தை இங்கே குறிப்பிட வேண்டும். டிராகனைக் குத்துவதும், அதன் இதயத்தை வாட்டுகையில் சுட்ட விரலை வாயில் வைப்பதும், பறவைகளின் பேச்சைக் கேட்பதுமாக வீரனின் கதை முழுவதும் அங்கே இருக்கிறது. ரூன் என்னும் பழைய ஜெர்மானிய எழுத்துகளில் உள்ள வாசகமோ கதையைப் பற்றியதே அன்று. சிக்ரித் என்ற பெண் ஓர் இறந்தவரின் ஆன்ம நலனுக்காகப் பாலம் கட்டியதைச் சொல்கிறது. அந்தக் குடும்பத்தில் ஒருவரின் பெயர் சிக்ரோத், அதாவது நம் சிக்ஃப்ரோத்தின் தேய்ந்த வடிவம். குடும்பப் பெயர்களின் ஒலியொற்றுமை கருதித்தான் இவ்வோவியத்தைத் தேர்ந்தார்களோ என்று ஊகிப்பவர்கள் உண்டு.

7. சிக்ரிட் என்பது சீக்ஃப்ரீடின் பெண்பால் வடிவமா?

இல்லை. முன்பகுதி அதே ‘வெற்றி’. பின்பகுதி ‘அழகிய’ என்று பொருள்படும் தனிச் சொல். எழுத்தில் ‘அமைதி’யை ஒத்திருப்பதால் இந்த மயக்கம் வருகிறது.

8. பழைய கையெழுத்துப் படிகளில் ‘சீவ்ரிட்’ என்று இருக்கிறது. எழுத்துப் பிழையா?

பிழை இல்லை, அந்தக் காலத்து இயல்பான வடிவம் அதுதான். இடைக்கால உயர் ஜெர்மனில் ‘இகி’ என்ற ஒலித்தொடர் தேய்ந்து நெடில் ‘ஈ’ ஆகும். அவ்வாறு ‘சிகிஃப்ரிட்’ என்பது ‘சீஃப்ரிட்’ ஆயிற்று. எழுதும்போது ‘சீவ்ரிட்’ என்றும் வரும். இந்தச் சுருக்கம் 9ஆம் நூற்றாண்டிலிருந்தே மக்கள் பெயர்களில் காணப்படுகிறது. பிற்காலத்தில் ஜெர்மனின் நெடில் ‘ஈ’ பல இடங்களில் ‘ஐ’ ஆகத் திரிந்தபோது, பெயரும் ‘சைஃப்ரிட்’ ஆனது. 16ஆம் நூற்றாண்டு அச்சுப் பாடல்களில் காணும் ‘சேஃப்ரிட்’ இதன் எழுத்து வேறுபாடே.

‘சீக்ஃப்ரீட்’ என்ற முழு வடிவம் 17ஆம் நூற்றாண்டுக்கு முன் அரிது. அதாவது, இன்று பழமையின் மணம் வீசுவதாக நாம் நினைக்கும் வடிவம், கற்றவர்கள் ‘வெற்றி’ என்ற சொல்லைப் பெயருக்குள் மீண்டும் தெளிவாகத் தெரியும்படி சீர்செய்த வடிவம். 1200இல் காவியத்தைக் கேட்டவர்களின் காதில் ‘சீவ்ரிட்’ என்ற பெயரிலிருந்து வெற்றி அவ்வளவு தெளிவாக ஒலித்திருக்காது.

9. அப்பா சீக்முண்ட், அம்மா சீக்லிண்ட, மகன் சீக்ஃப்ரீட். ஒரே வீட்டில் ஏன் இத்தனை ‘சீக்’?

பெயரின் ஒரு பாதியைத் தலைமுறைதோறும் காத்து, மறுபாதியை மாற்றுவது ஜெர்மானிய அரச குலங்களின் வழக்கம். கேள்வி 3இல் சொன்ன முறையின் விளைவு இது. எதுகையைவிட மோனையையே உயிராகக் கொண்ட அவர்களுடைய பாட்டு மரபுக்கும் இது உகந்தது. எதிர்த்தரப்பான மனைவியின் வீட்டில் குந்தர், கெர்னோட், கிசெல்ஹர் என்று எல்லாம் ககரத்தில் தொடங்குகின்றன. இவர்களில் இருவரின் முன்னோடிப் பெயர்கள் பர்கண்டிய அரசன் குந்தோபாத் தொகுத்த சட்டநூலிலேயே அரச முன்னோர் பட்டியலில் இருக்கின்றன.

வடபுலக் கதையில் குலத்தின் முதல்வன் பெயரே சிகி, அதாவது வெறும் ‘வெற்றி’. அவன் ஓடின் தெய்வத்தின் மகன். ஓடினின் பல பெயர்களுள் ‘வெற்றித் தந்தை’ என்பதும் ஒன்று. ஆக, சிகி, சீக்முண்ட், சிக்னி, சிகுர்த் என்று நீளும் வரிசை, குலம் யாருடையது என்பதைக் காதாலேயே அறியச் செய்கிறது. தாயின் பெயர் மட்டும் அங்கே ஹ்யோர்திஸ். சீக்லிண்ட என்பது ஜெர்மன் மரபு.

பிறருடைய பெயரை அப்படியே குழந்தைக்கு வைக்கும் வேறு வழக்கமும் நிபெலுங்கர் காவியத்தில் இருக்கிறது. சீக்ஃப்ரீட் தன் மகனுக்கு மைத்துனன் பெயரால் குந்தர் என்று பெயரிடுகிறான். குந்தர் தன் மகனுக்கு சீக்ஃப்ரீட் என்று பெயரிடுகிறான். காவியம் அந்தக் குழந்தைகளைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஒருவனைக் கொல்லத் துணை போகப் போகிறவன் அவன் பெயரையே தன் வாரிசுக்கு வைத்திருக்கிறான் என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

10. சிகுர்த் டிராகனிடம் தன் பெயரை ஏன் மறைக்கிறான்? பயமா?

‘எட்டா’ பாடல்களில், குத்துண்டு கிடக்கும் டிராகனான ஃபாஃப்னிர் “நீ யார்?” என்று கேட்க, சிகுர்த் தன்னை ‘மேன்மையான விலங்கு’ என்றும் தாயற்ற மகன் என்றும் சொல்லிக்கொள்கிறான். இதற்கு விளக்கத்தை ஏட்டிலேயே உரைநடைக் குறிப்பாகச் சேர்த்திருக்கிறார்கள்: சாகக் கிடப்பவன் எதிரியைப் பெயர் சொல்லிச் சபித்தால் அச்சொல்லுக்குப் பெரும் ஆற்றல் உண்டு என்பது முன்னோரின் நம்பிக்கை. எனவே இது கோழைத்தனம் அன்று, முன்னெச்சரிக்கை. ஃபாஃப்னிர் விடாமல் கேட்கவே, அடுத்த விடையிலேயே தன் பெயரையும் தந்தை பெயரையும் சொல்லிவிடுகிறான். பொய்ப்பெயரில் நிற்பதை அவன் இயல்பு நெடுநேரம் அனுமதிக்கவில்லை என்று நான் வாசிக்கிறேன்.

‘விலங்கு’ என்பதற்கு அங்கே உள்ள சொல் மானையும் குறிக்கக்கூடியது. அவன் மனைவி குத்ரூன் வேறொரு பாடலில் அவனை மற்ற விலங்குகளுக்கிடையே நெடிய கால்களுடன் நிற்கும் கலைமானுக்கு ஒப்பிடுகிறாள். தித்ரெக் சாகாவில் குழந்தை சிகுர்த்துக்குப் பாலூட்டி வளர்ப்பது ஒரு பெண்மான். அவனது மறைபெயரை வெறும் சாக்கு என்று ஒதுக்க முடியாதபடி இவை சேர்ந்து நிற்கின்றன.

11. அர்மினியுஸ்தான் சீக்ஃப்ரீட் என்று படித்தேன். பெயரே அதற்குச் சான்றாமே?

ஆண்டு 9இல் டியூட்டோபர்க் காட்டில் மூன்று ரோமானியப் படையணிகளை அழித்த, செருஸ்கர் என்ற ஜெர்மானியக் குலத்தின் தலைவன் அர்மினியுஸ். ரோமானியர்கள் அழைத்த இப்பெயர் மட்டுமே தெரியும். அவனது தாய்மொழிப் பெயர் பதிவாகவில்லை. அவன் தந்தை செகிமெர், மாமனார் செகெஸ்டெஸ், மைத்துனன் செகிமுண்ட். எல்லாவற்றிலும் ‘வெற்றி’ இருக்கிறது. ஆகவே கேள்வி 9இல் கண்ட வழக்கப்படி அவன் பெயரும் ‘செகி’ என்று தொடங்கியிருக்கலாம், அது சீக்ஃப்ரீடாகவே இருக்கலாம், டிராகன் என்பது ரோமானியப் படையின் நீண்ட வரிசையே என்று வாதம் வளர்கிறது. 1961இல் ஓட்டோ ஹோஃப்லர் இதை விரிவாக எழுதினார். அர்மினியுஸும் உறவினர்களால் கொல்லப்பட்டவன் என்பது உண்மை. ஆனால் இல்லாத பெயரை ஊகித்து, ஊகித்த பெயரையே சான்றாக்குவதை ஏற்பது எனக்குக் கடினம்.

இரண்டாவது வேட்பாளர் பிராங்கிய அரசன் சிகெபெர்ட். இவன் 575இல் கொலையுண்டான். மனைவி பெயர் புரூன்ஹில்ட். கதையில் நாயகனின் சாவுக்குத் தூண்டுகோலாக இருப்பவளும் புரூன்ஹில்ட். இப்பொருத்தம் கவர்ச்சியானதே, எனினும் வரலாற்றுப் புரூன்ஹில்ட் கணவனின் கொலைக்குக் காரணமானவள் அல்லள், அதற்குப் பழிவாங்க முயன்றவள். நினைவுகளும் பெயர்களும் கதைக்குள் கலந்திருக்கலாம் என்பதற்கு மேல் செல்ல இயலாது.

12. சமஸ்கிருதத்தோடு இந்தப் பெயருக்குத் தொடர்பு உண்டா, அல்லது அதுவும் கற்பனையா?

உண்டு, ஆனால் மிகத் தொலைவான உறவு. ஜெர்மானிய மொழிகளும் சமஸ்கிருதமும் ஒரே இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ‘வெற்றி’ என்ற முன்பகுதிக்கு இனமான சமஸ்கிருதச் சொல் ‘சஹஸ்’, அதாவது வலிமை, மேலாண்மை. தமிழில் வழங்கும் ‘சாகசம்’ அதன் வழி வந்தது. ‘அமைதி’ என்ற பின்பகுதியின் வேர் அன்பைக் குறித்தது. ‘பிரிய’ என்ற சமஸ்கிருதச் சொல் அதே வேரைச் சேர்ந்தது. நாம் ‘பிரியம்’ என்பதும் ஆங்கிலேயர் ‘ஃபிரெண்டு’ என்பதும் அந்த வகையில் உறவு. குலத்தினருக்கிடையிலான அன்பே குலத்தின் காப்பாகப் பொருள் வளர்ந்தது என்பது கேள்வி 4இல் கண்டதோடு ஒத்துப்போகிறது. இவ்வளவே. பெயர் இந்தியாவிலிருந்து சென்றது என்று இதற்குப் பொருள் கிடையாது.

13. வாக்னரின் ஓபராவில் பெயருக்குச் சொல்லும் விளக்கம் பழைய கதையிலேயே உள்ளதா?

இல்லை. பழைய நூல்கள் பெயரை விளக்குவதே இல்லை. வோல்சுங்கர் சாகாவில் ஹ்யால்ப்ரெக் அரசனின் அவையில் குழந்தைமேல் நீர் தெளித்து சிகுர்த் என்று பெயரிடுகிறார்கள். ஏன் என்று ஒரு சொல் இல்லை. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் நாடகத்தில் பிறவாத குழந்தைக்குப் பெயரிடுபவள் புரூன்ஹில்ட. வெற்றியில் அவன் மகிழட்டும் என்று வாழ்த்தியே பெயர் தருகிறாள். அதற்கு முன்பே தந்தை சீக்முண்ட், தன் பெயர் கேட்கப்பட்டபோது, ‘ஃப்ரீட்முண்ட்’ என்று, அதாவது அமைதியும் காப்பும் சேர்ந்த பெயரால், தன்னை அழைத்துக்கொள்ளத் தகுதியில்லை என்கிறான். தந்தைக்குக் கிட்டாத ‘ஃப்ரீட்’ மகனின் பெயரில் அமர்கிறது. பெயர் உறுப்புகளை இவ்வளவு உணர்வோடு கையாண்டவர் வாக்னரே. கேள்வி 3இல் குறிப்பிட்ட ‘வாக்கியப் பொருள்’ பரவியதில் 1876இல் ஜெர்மனியின் பைராய்த் நகரில் முழுத் தொடராக அரங்கேறிய அவரது இசைநாடகங்களுக்குப் பங்குண்டு. 1869இல் பிறந்த தம் மகனுக்கும் அவர் இதே பெயரை வைத்தார்.

14. ‘கொம்புள்ள சீக்ஃப்ரீட்’ என்ற தலைப்பைப் பார்த்தேன். அவனுக்குக் கொம்பு இருந்ததா?

தலையில் கொம்பு இல்லை. டிராகனின் குருதியில் குளித்ததால் அவன் தோல் கொம்பைப் போல் கெட்டிப்பட்டது என்பதே அந்த அடைமொழியின் பொருள். ‘கொம்புத்தோல் சீக்ஃப்ரீட்’ என்று தமிழாக்கினால் குழப்பம் தீரும். நிபெலுங்கர் காவியத்தில் தோள்களுக்கிடையே லிண்டன் மரத்து இலை ஒன்று ஒட்டியிருந்த இடம் மட்டும் மென்மையாக நின்றுவிட்டது. ஹாகன் குறிவைத்தது அங்கேதான். வடபுலத்தில் இதற்கு நிகரான அடைமொழி ‘ஃபாஃப்னிரைக் கொன்றவன்’. அங்கே கெட்டித்தோல் இல்லை.

15. பழைய ஆங்கிலக் காவியமான பேவுல்ஃபில் டிராகனைக் கொல்வது அப்பாவாமே? பெயர் மாறிவிட்டதா?

அங்கே சிகெமுண்ட் தனியாகவே டிராகனைக் கொன்று புதையலை ஏற்றிச் செல்கிறான். மகனைப் பற்றிய பேச்சே இல்லை. அந்தக் காவியத்தின் ஒரே கையெழுத்துப் படி ஏறத்தாழ ஆண்டு 1000ஐச் சேர்ந்தது, வடபுல ஏடுகளைவிடப் பழையது. ஒரே முன்பகுதி கொண்ட பெயர்களிடையே செயல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நகர்வது எளிது. தந்தையின் வீரச்செயல் மகனுக்குச் சென்றதா, இரண்டும் வெவ்வேறு டிராகன்களா என்பதை இருக்கும் சான்றுகளால் தீர்மானிக்க முடியாது.

16. போர் வரலாற்றில் வரும் ‘சீக்ஃப்ரீட் கோடு’ இந்த வீரனின் பெயரா?

ஆம், ஆனால் கோடுகள் இரண்டு. முதல் உலகப் போரில் 1916-17 குளிர்காலத்தில் ஜெர்மானியர்கள் பிரான்சில் கட்டிய அரண்வரிசைக்கு அவர்களே இட்ட பெயர் இது. பிரிட்டானியர் அதை ஹிண்டன்பர்க் கோடு என்றார்கள். அண்டை அரண்களுக்கு வோட்டன் (ஓடினின் ஜெர்மன் பெயர்), புரூன்ஹில்ட், கிரீம்ஹில்ட் (காவியத்தில் சீக்ஃப்ரீடின் மனைவி) என்று பெயர். 1930களின் பிற்பாதியில் ஜெர்மனியின் மேற்கெல்லையில் எழுந்த அரணை ஜெர்மானியர் ‘மேற்குச் சுவர்’ என்றனர். அதைச் சீக்ஃப்ரீட் கோடு என்றவர்கள் எதிரணியினர். முதற்போரின் இறுதியாண்டுகளில் சமரச அமைதிக்கு எதிராக ‘வெற்றி அமைதி’ வேண்டும் என்று முழங்கியவர்கள் பயன்படுத்திய ஜெர்மன் சொல், நம் பெயரோடு ஏறத்தாழ ஒரே ஒலியுடையது. அரசியலுக்கு அந்த ஒற்றுமை வசதியாக இருந்தது.

17. இன்றும் யாராவது இந்தப் பெயரை வைக்கிறார்களா?

ஜெர்மனியில் சீக்ஃப்ரீட் பெரும்பாலும் முதியவர்களின் பெயராகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் அது ஜெர்மன் யூதக் குடும்பங்களில் பரவலாக வைக்கப்பட்டது; 1889இல் பிறந்த எழுத்தாளர் சீக்ஃப்ரீட் கிராக்கவர் அவ்வகையினர். ஆங்கிலக் கவிஞர் சீக்ஃப்ரீட் சசூனுக்கு ஜெர்மன் பூர்வீகம் இல்லை. அவர் தாய்க்கு வாக்னர் இசையில் இருந்த ஈடுபாடே பெயருக்குக் காரணம். ஐஸ்லாந்தில் சிகுர்துர் இன்றும் மிகப் பரவலான ஆண்பெயர்களுள் ஒன்று. வீட்டில் ‘சிக்கி’ என்று அழைப்பார்கள். நார்வேயில் சிவெர்ட், ஷூர் என்ற வடிவங்களும், ஃபாரோ தீவுகளில் கதைப்பாடல்களோடு ஷூர்துர் என்ற வடிவமும் வாழ்கின்றன.

குடும்பப் பெயர்களில் சைஃபர்ட் என்பது கேள்வி 8இல் கண்ட ‘சைஃப்ரிட்’டின் வழி வந்தது. சீவர்ஸ், சீவெர்ட் ஆகியவை ‘வெற்றி-காவலன்’ பக்கத்தைச் சேர்ந்தவை. கதிர்வீச்சின் பாதிப்பை அளக்கும் ‘சீவெர்ட்’ என்ற அலகு, சுவீடன் நாட்டு இயற்பியலாளர் ரோல்ஃப் சீவெர்ட்டின் நினைவாக 1979இல் ஏற்கப்பட்டது.